கைப்பிள்ளை கனம்

சகடத்தில் ஒருவரை வாழ்த்த வேண்டுமானால் "கனமா இருங்க" என்பார்கள். கல்யாண வீட்டில், பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது, கப்பலேறிப் பூமிக்குப் போகிறவரை வழியனுப்பும்போது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான். பூமியிலிருந்து புதிதாக வருகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், முதலில் முகம் சுளிப்பார்கள். கொஞ்ச நாள் போனால் அவர்களே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

சகடம் என்பது பூமிக்கும் நிலவுக்கும் நடுவே சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பெரிய சக்கரம். அது சுழல்வதால்தான் உள்ளே இருப்பவர்களின் கால் தரையில் பாவுகிறது. சக்கரத்தின் விளிம்பில் இருப்பது கீழத் தெரு. அங்கே பூமியில் உள்ள அதே எடை. வயல், பள்ளிக்கூடம், பொதுச் சமையற்கூடம் எல்லாம் அங்கேதான். மையத்தை நோக்கி ஏற ஏற எடை குறையும். அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் மேலத் தெருவில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அச்சில் எடையே கிடையாது. கப்பல்கள் வந்து அணைவது அங்கே.

எடை குறைந்த இடத்தில் எலும்பு கரையும். அதனால் பூமியில் எல்லோரும் மேலே போக ஆசைப்படுவது போல, சகடத்தில் எல்லோரும் கீழே வர ஆசைப்பட்டார்கள். ஆனால் கீழே எல்லோருக்கும் இடம் இல்லை. இதை வைத்துச் சண்டை வந்துவிடக் கூடாது என்று, முதலில் குடியேறியவர்கள் சீட்டுக் குலுக்கி வீடு கொடுத்தார்கள். சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றியும் கொடுத்தார்கள். இன்னொரு விதியும் வைத்தார்கள். மனித உடம்பின் மேல் சுமை ஏற்றுகிற எந்தக் காரியமும் ஊர் முழுக்கச் சம்மதித்தால்தான் நடக்கும். ஒருவர் வேண்டாம் என்றாலும் நடக்காது.

அந்த விதிக்குச் சோதனை வந்தது நேசம் விழுந்த அன்றுதான்.

நேசம் தேவசகாயத்தின் மகள். மேலத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். தேவசகாயம் கப்பல்களை அச்சில் அணைத்துக் கட்டுகிற வேலைக்காரர். எடையில்லாத இடத்திலேயே வருடக்கணக்காகக் கிடந்து அவருடைய எலும்பு தேய்ந்துபோயிருந்தது. சீட்டுக் குலுக்கலில் கீழத் தெருவில் வீடு கிடைத்தபோதுகூட அவரால் போக முடியவில்லை. பூமிக்குத் திரும்புவது என்பது இந்தப் பிறவியில் இல்லை என்று டாக்டர் ஜமீலா சொல்லிவிட்டார். தேவசகாயம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு இங்கயே கல்லறை எழுதியிருக்கு டாக்டர், அதுலயும் லேசாத்தான் கெடப்பேன்" என்று சிரித்தார்.

பள்ளிக்கூடத்துக்காகக் கீழே வந்த நேசம், ஓடிப்பிடித்து விளையாடும்போது கால் இடறி விழுந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு முட்டி சிராய்க்கும் விழுகைதான். அவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. போன வருடம் கை முறிந்திருந்தது.

கட்டுப் போட்டு முடித்ததும் ஜமீலா, சக்கரத்தைப் பராமரிக்கும் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"அண்ணாச்சி, அடுத்த கப்பல்ல நேசத்தப் பூமிக்கு அனுப்பணும். அங்க தண்ணித் தொட்டியில மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமா எடைக்குப் பழக்குவாங்க. வளர்ந்து முடியிற வரைக்கும் அங்கதான் இருக்கணும். அவங்கம்மா ஸ்டெல்லா கூடப் போகலாம். தேவசகாயம் போக முடியாது."

"அப்ப அந்தப் பிள்ளைக்கு அப்பன் கெடையாதா?"

"கண்ணாடித் திரையில பாக்கலாம்."

கோமதிநாயகம் கேட்டார். "எங்க வீட்டுல வச்சுக்கிடலாம்லா? பூரணம் சந்தோசமாப் பாத்துக்கிடுவா."

"கீழத் தெரு எடையில நாள் முழுக்க வச்சா இந்த எலும்பு திரும்பவும் முறியும். அவ தூங்குற, வெளையாடுற இடத்துலயே எடை மெள்ள மெள்ளக் கூடணும். நான் கேக்க வந்ததே அதான். சக்கரத்தக் கொஞ்சம் வேகமாச் சுத்தினா?"

"எல்லாருக்கும் எடை கூடும்."

"மேலத் தெருவுல இப்ப இருக்குற எடையோட பத்துல ஒரு பங்கு கூடினாப் போதும். எலும்பு தானாக் கட்டிக்கிறதுக்கு ஒரு எல்லை இருக்கு. அந்தப் பிள்ளைங்க எல்லாம் அந்த எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நிக்கிதுங்க. இன்னைக்கு நேசம். நாளைக்கு அந்தத் தெருவுல இருக்குற மத்தப் பிள்ளைங்க."

"சக்கரம் தாங்கும் டாக்டர். ஆனா மேல பத்துல ஒண்ணு கூடினா, கீழயும் பத்துல ஒண்ணு கூடும். கீழ ஏற்கெனவே முழு எடை. பூமியில எந்த மனுசனும் சுமக்காத கனத்தக் கீழத் தெருக்காரங்க ராப்பகலாச் சுமக்கணும்."

"தெரியும். அதான் உத்தரவாச் சொல்லாமக் கேள்வியாக் கேக்குறேன்."

கோமதிநாயகம் நேராகச் சமையற்கூடத்துக்குப் போனார். அவருடைய மனைவி பூரணம்தான் அங்கே பொறுப்பு. அகன்ற உடம்பு, அகன்ற சிரிப்பு. இரண்டு முழங்காலும் வீங்கி, அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே நாலெட்டு வைப்பதற்குள் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவாள். ஆனாலும் உட்கார்ந்து சமைக்கச் சொன்னால் கேட்கமாட்டாள். உட்கார்ந்து கிளறினால் சாம்பார் அடிப்பிடிக்கும் என்பது அவள் கட்சி.

அவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவள், "பத்துல ஒண்ணுன்னா எனக்கு எம்புட்டு?" என்றாள்.

"ஒரு கைப்பிள்ளைய எப்பவும் இடுப்புல வச்சுக்கிட்டு இருந்தா எப்படி இருக்கும், அப்படி."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தானாவா? இப்பவே நடக்கமாட்டாம நடக்குத. ராத்திரி காலைப் புடிச்சுக்கிட்டு முனங்குதது யாரு?"

"முனங்குதவ முனங்கிட்டுப் போறேன். எனக்குத்தான் இடுப்பு சும்மா கெடக்கே." அவள் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஊரைக் கூப்பிடுங்க."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசியும் வெகுகாலம் ஆகியிருந்தது.

சகடத்தில் ஊர் கூடுவது அச்சில் இருக்கும் வழிபாட்டு மண்டபத்தில். எடை இல்லாத அந்த இடத்தைக் குடியிருக்க யாரும் கேட்கவில்லை. அதனால் கடவுளுக்குக் கொடுத்தார்கள் என்று சிலர் கேலியாகச் சொல்வதுண்டு. ஆனால் உண்மையில் அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அங்கே மேல் கீழ் இல்லை. யாரும் யாருக்கும் பின்னால் நிற்க முடியாது. சிலுவை போட்டுக்கொள்கிறவரும், கைகூப்புகிறவரும், கையேந்துகிறவரும் ஒரே விளக்கைச் சுற்றி மிதப்பார்கள். அந்த விளக்கும் அப்படித்தான். எடையில்லாத இடத்தில் சுடருக்கு மேல்நோக்கி எழத் தெரியாது. கண்ணாடிக் கூண்டுக்குள் அது ஒரு சின்ன நீல உருண்டையாக, எல்லாப் பக்கமும் சமமாக எரியும். கோமதிநாயகம் தினமும் வேலைக்குப் போகும் முன் அந்தக் கூண்டைத் துடைத்துவிட்டு, "இன்னைக்கும் எல்லாரையும் தரையில நிக்க வையி சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்.

சம்மதம் கேட்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டையும் ஒரு சோழியும் தருவார்கள். சம்மதம் என்றால் கொட்டை. வேண்டாம் என்றால் சோழி. துணி மூடிய ஒரு கண்ணாடிக் குடத்துக்குள் கையை விட்டு, ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும். யார் எதைப் போட்டார் என்று கேட்பது அசிங்கமாகக் கருதப்பட்டது.

ஜமீலா விஷயத்தை விளக்கினார். தேவசகாயமும் ஸ்டெல்லாவும் ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு வார்த்தைகூட அவர்கள் கெஞ்சவில்லை. வயல் பார்க்கும் ஆவுடையப்பன் மட்டும், தன் தொந்தியைத் தட்டி, "பத்துல ஒண்ணுன்னா ஊருலயே பெரிய நட்டம் எனக்குத்தான்வே. எனக்குக் கைப்பிள்ள இல்ல, காளை மாட்டுக் கன்னுல்லா வந்து இடுப்புல உக்காரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குடத்துக்குள் கையை விட்டார்கள்.

கோமதிநாயகம் துணியை விலக்கியபோது சிரிப்பு நின்றது.

குடத்துக்குள் சோழிகள் வெள்ளை வெள்ளையாக மிதந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. நடுவே புளியங்கொட்டை இரண்டே இரண்டு. ஒன்று அவர் போட்டது. இன்னொன்று பூரணம் போட்டது என்பது அவருக்குத் தெரியும். போடுமுன் அவள் அவர் காதில் சொல்லிவிட்டாள்.

யாரும் யாரையும் பார்க்காமல் கலைந்தார்கள்.

மறுநாள் காலையில் கோமதிநாயகம் விளக்குக் கூண்டைத் துடைத்தார். ஆனால் கும்பிட மனம் வரவில்லை. இத்தனை வருடம் இந்த ஜனங்களுக்காகவா கேட்டோம் என்று தோன்றியது. பூமியில் ஒருவன் தட்டை இன்னொருவன் பிடுங்கித் தின்றதைப் பார்த்துச் சலித்துத்தான் அவர் இங்கே வந்தார். இங்கே யாரும் பிடுங்கவில்லை. சோழியைப் போட்டுவிட்டு அமைதியாகச் சாப்பிடப் போகிறார்கள். என்ன பெரிய வித்தியாசம்?

மதியம் சமையற்கூடம் நிறைந்திருந்தது. மேலத் தெருக்காரர்களும் ஒரு வேளையாவது கீழே வந்து, எடையோடு நடந்து, எடையோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது சகடத்து வழக்கம். ஸ்டெல்லா புருஷனுக்கும் மகளுக்கும் தூக்குச்சட்டியில் சோறு வாங்கிக்கொண்டு நின்றாள். ஆவுடையப்பன் இரண்டாவது முறை சோறு வாங்க வந்தார்.

கோமதிநாயகம் அவர் தட்டைப் பார்த்தார். "நல்லாச் சாப்பிடும்வே. இருக்கிற கனத்தக் கொறைக்காமப் பாத்துக்கிடும். ஒரு பிள்ள ஊரை விட்டுப் போறதப் பத்தி நமக்கென்ன?"

ஆவுடையப்பனின் முகம் சுருங்கியது. "என்னவே பேசுதீரு?"

"நேத்து தொந்தியத் தட்டிக் காமிச்சீரே, அதப் பேசுதேன்."

"அது சும்மா சிரிப்புக்குச் சொன்னது."

"குடத்துல கெடந்த சோழியும் சிரிப்புக்குத்தானா?"

கூடம் அடங்கிவிட்டது. சோழியைப் பற்றி யாரும் இப்படி நாலு பேர் நடுவில் பேசியதில்லை. பூரணம் அடுப்பிலிருந்து திரும்பி, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"போதும், நிறுத்துங்க. நேத்துப் புடிச்சு நீங்க கோவப்பட்டுக்கிட்டு இருக்கிய. நான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். குடத்துல எத்தன கொட்டை கெடந்துச்சு?"

"ரெண்டு."

"உங்களுது ஒண்ணு, என்னுது ஒண்ணு. அப்ப ஸ்டெல்லா என்ன போட்டா?"

ஸ்டெல்லா தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெத்த தாயி சோழி போட்டிருக்கா. அப்பனும் சோழிதான் போட்டிருக்கான். இதக் கேள்வியாக் கேட்ட டாக்டரும் சோழி. இவுகளுக்கெல்லாம் கொஞ்சம் கனம் கூடினாத் தாங்காதுன்னா நெனைக்கிய? உங்க மூளையச் சக்கரத்துலயே விட்டுட்டு வந்துட்டியளா?" அவள் ஸ்டெல்லாவிடம் திரும்பினாள். "கேக்கக் கூடாதுதான். ஆனா கேக்குதேன். ஏன் பிள்ள சோழி போட்ட?"

ஸ்டெல்லா தலையை நிமிர்த்தவில்லை. "தினமும் சோறு வாங்க வாரேன்லா அக்கா. நீங்க அடுப்புக்கும் அலமாரிக்கும் நடக்குததப் பாக்கேன். எம்பிள்ளைக்காக உங்க காலுல இன்னும் கனத்த ஏத்துன்னு எப்படிக்கா நான் சொல்ல? எங்க வீட்டுல அவுகளும் அதான் சொன்னாவ. பூரணத்தக்கா கையால தின்னுட்டு அவங்க முழங்கால ஒடிக்கக் கூடாதுன்னு."

பூரணம் ஆவுடையப்பனைப் பார்த்தாள்.

அவர் தட்டை மேசையில் வைத்தார். "எனக்கு என்ன மதினி, நான் ஆனை மாதிரி இருக்கேன். நீங்க பாத்திரத்தத் தூக்கும்போது ஒரு சத்தம் வருமே, 'யம்மா'ன்னு. அது எங்காதுல கேட்டுச்சு. போட்டுட்டேன்."

மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜமீலா மெதுவாகச் சொன்னார். "உங்க முழங்கால் படத்த எடுத்தவளே நான்தான் அக்கா."

அதற்குப் பிறகு பந்தி முழுவதும் ஒவ்வொரு வாயாகத் திறந்தது. சிலர் பூரணத்தின் பெயரைச் சொன்னார்கள். சிலர் இதயம் பலவீனமான பள்ளிக்கூட வாத்தியாரைச் சொன்னார்கள். வாத்தியாரோ, தனக்கு ஒன்றுமில்லை, பூரணத்துக்காகத்தான் போட்டேன் என்றார். தனக்காகச் சோழி போட்டவர் ஒருவர்கூட அந்தக் கூடத்தில் இல்லை.

கோமதிநாயகம் ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் கும்பிடாமல் வந்தது அவர் நெஞ்சில் உறுத்தியது.

சிரிப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்த பூரணத்துக்குக் கோபம் வந்தது.

"ஏன், எனக்கு வாய் இல்லையா? இந்த முழங்கால் யாருது? என்னுது. வலிச்சா யாருக்கு வலிக்கும்? எனக்கு. எம்மேல எரக்கப்பட்டிய, சந்தோசம். கும்பிடுதேன். ஆனா ஒருத்தராவது வந்து, 'பூரணம், உன்னால முடியுமா'ன்னு ஒரு வார்த்த கேட்டியளா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். நீங்களா எனக்குப் பாவம் பாத்து, நீங்களா எனக்குப் பதிலும் சொல்லி, கடைசில எங்காலுக்காக ஒரு பிள்ள அப்பன விட்டுப் போகணுமாக்கும். அந்தப் பழிய நான் எந்த முழங்கால வச்சுச் சுமக்க? அது கைப்பிள்ள கனமா? மலைக் கனம்."

ஆவுடையப்பன் அவள் முன்னால் வந்து நின்றார்.

"சரி மதினி. இப்பக் கேக்கேன். உங்களால முடியுமா?"

"முடியும். ஆனா ஒண்ணு. பெரிய பாத்திரத்த இனிமே நீங்க தூக்கணும்."

"தூக்குதேன்."

"வெங்காயம் நாங்க உரிக்கோம்க்கா" என்றாள் ஸ்டெல்லா. "மேலயே உரிச்சுக் கொண்டாந்திருதோம். அங்க கண்ணீர் கீழ விழ நேரம் ஆகும், அது ஒண்ணுதான்."

இப்போது பூரணம் சிரித்தாள்.

இரக்கம் மனிதனுக்குக் கடவுள் கொடுத்த நல்ல குணம்தான். ஆனால் யார் மேல் இரக்கப்படுகிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் காட்டுகிற இரக்கம், பூட்டிய வீட்டு வாசலில் வைத்த சோறு மாதிரி. நல்ல சோறுதான்; உள்ளே இருப்பவருக்கு எட்டாது. சகடத்துக்காரர்கள் அன்று அதைக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த வாரமே மறுபடியும் ஊர் கூடியது. இந்த முறை குடத்துக்குத் துணி கட்டும் முன், ஒவ்வொருவரும் தனக்குப் பக்கத்தில் மிதந்தவரிடம் "உங்களால முடியுமா?" என்று கேட்டார்கள். வாத்தியாரை ஜமீலா சோதித்துப் பார்த்து, அவருக்குக் கனம் குறைந்த நடுத் தெருவில் வீடு மாற்றிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மாற்றிக்கொள்ள மூன்று குடும்பங்கள் முன்வந்தன. பிறகு குடத்தைத் திறந்தபோது, நீலச் சுடரின் வெளிச்சத்தில் புளியங்கொட்டைகள் கறுப்புக் கறுப்பாக மினுங்கின. ஒரு சோழிகூட இல்லை.

அன்றிலிருந்து கோமதிநாயகம் சக்கரத்தின் வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டினார். ஒரே நாளில் கூட்டினால் உடம்பு பதறும்; செடி வளர்வது போல, பார்க்கிறவருக்குத் தெரியாமல் கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறை கூட்டும் முன்னும் சமையற்கூடத்தில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். "இன்னைக்குக் கொஞ்சம் ஏத்துதேன், எல்லாரும் பாத்து நடங்க." கீழத் தெருவில் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் கைப்பிடிகள் முளைத்தன. பூரணத்துக்கு ஒரு உயரமான முக்காலி வந்தது. அதில் உட்கார்ந்து கிளறியும் சாம்பார் அடிப்பிடிக்கவில்லை என்பதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆவுடையப்பனுக்குத் தொந்தி கொஞ்சம் வற்றியது. "கன்னுக்குட்டி தின்னுட்டுது" என்றார்.

கப்பல் வந்தபோது தேவசகாயம்தான் அதை அச்சில் அணைத்துக் கட்டினார். அவருடைய மகளுக்கும் மனைவிக்கும் ஒதுக்கியிருந்த இரண்டு இருக்கைகளையும் அவரே எட்டிப் பார்த்தார். திரும்பிப் போகும்போதும் அவை காலியாகவே போயின. கப்பலின் கட்டை அவிழ்த்துவிட்டு, வெகுநேரம் அவர் கை கயிற்றை விடாமல் பிடித்திருந்ததாகக் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

அதற்கடுத்த கப்பலில் ஒரு வேடிக்கை நடந்தது. வந்த பெட்டிகளைப் பிரித்தபோது, பாதிக்கு மேல் ஒரே மாதிரிப் புட்டி. மூட்டுவலித் தைலம். ஊரில் ஒவ்வொரு வீட்டாரும் மற்றவருக்குத் தெரியாமல் பூரணத்துக்காக ஆளுக்கொரு புட்டி சொல்லியனுப்பியிருந்தார்கள். சமையற்கூடத்து அலமாரி ஒன்று முழுக்கத் தைலம் ஆகி, ரசத்தில்கூட அந்த வாடை அடிப்பதாகப் பேச்சு எழுந்தது.

"திரும்பவும் ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, பாத்தியளா" என்றாள் பூரணம் புருஷனிடம்.

கோமதிநாயகம் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் ஒரு புட்டி சொல்லியனுப்பியிருந்தார்.

நேசத்தின் கட்டை அவிழ்த்த பிறகும் ஜமீலா அவளை உடனே கீழே விடவில்லை. மேலத் தெருவிலேயே நடக்கவிட்டு, ஓடவிட்டு, படம் எடுத்துப் பார்த்து, எலும்பு வெள்ளையாகத் தடித்து வருவதைத் தாயிடமும் தகப்பனிடமும் காட்டினார். அதற்குப் பிறகு ஒரு மதியம், பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில், ஸ்டெல்லா அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். சமையற்கூடத்து வாசலில் நேசம் தாயின் கையை விட்டாள். மெதுவாக, இரண்டு காலையும் அழுத்தமாக ஊன்றி, அடுப்பு வரை தானே நடந்து வந்தாள்.

பூரணம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினாள். பிள்ளை அவள் மடியில் ஏறி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

"கனமாயிட்டியே தாயி."

நேசம் பெருமையோடு தலையாட்டினாள். பிறகு கீழே எட்டி, வீங்கிய முழங்காலைப் பார்த்தாள். அங்கே மெதுவாகக் கையை வைத்தாள்.

"பெரியம்மா, நான் உக்காந்திருக்கது உங்களுக்கு வலிக்குதா?"

சக்கரம் சுழல்கிற மெல்லிய ஓசை தரையில் கேட்டுக்கொண்டிருந்தது. பூரணம் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வலிக்குது" என்றாள். "நீ எறங்காத."